2147483647 பகா எண்தான் என்று உறுதி செய்வது எப்படி? ஹாஷிலும் என்டிடியிலும் சிக்கல்

மீதி_எங்கே:

2^31 − 1, அதாவது 2147483647 (இனி இதை ‘ப’ என்கிறேன்). சரம் தேடும் ஒரு ஜாவா நிரலில் சரத்தை ஒரே எண்ணாக (ஹாஷ்) சுருக்க இதை மாடுலஸாக, அதாவது வகுத்து மீதி எடுக்கும் எண்ணாக, வைத்திருக்கிறேன். அடி 256. ஒவ்வொரு எழுத்துக்கும் ‘ஹாஷ் × 256 + எழுத்து’, பிறகு மாடுலோ ப. மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, இது பகா எண் என்று எல்லாரும் சொல்வதை நானே சரிபார்க்க வேண்டும். 2^(ப−1) மாடுலோ ப போட்டுப் பார்த்தேன், 1 வந்தது. இது போதுமா? போதாது என்றால் 46340 வரை உள்ள ஒற்றைப்படை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது தவிர வழி இருக்கிறதா? கையால், அல்லது சாதாரண கால்குலேட்டரால் முடிகிற வழியாக இருந்தால் நல்லது.

இரண்டாவது, மீதி எடுக்கும் % குறியை எடுத்துவிட்டு 31 பிட் நகர்த்திக் கூட்டும் முறைக்கு மாறினேன். சில சமயம் எதிர்ம எண் வருகிறது. அதைவிட மோசம்: 62 எழுத்துள்ள ஒரு சரத்தில் முதல் எழுத்தையும் 32ஆம் எழுத்தையும் இடம் மாற்றினாலும் ஹாஷ் மாறவே இல்லை. இந்தக் கோளாறு % போட்டிருந்தபோதும் இருந்தது.

மூன்றாவது, இதே ப வைத்து நீளம் 2^20 உள்ள என்டிடி (முழு எண்களில் செய்யும் எஃப்எஃப்டி) எழுதப் பார்த்தேன். 2^20 வரிசை உள்ள ஒன்றின் மூலம் (2^20ஆவது அடுக்கில்தான் முதன்முறையாக 1 தரும் எண்) எங்குமே கிடைக்கவில்லை. நிரல் தவறா, எண் தவறா?

---

சல்லடை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அடி 2 வைத்துச் செய்த ஃபெர்மா சோதனை இங்கே ஒன்றையும் சொல்லாது. 2^31 ≡ 1 (மாடுலோ ப), அதாவது ப-வால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி என்பது ப-வை வரையறுத்த விதத்திலேயே இருக்கிறது. 31 பகா எண் என்பதால் ப − 1 = 2^31 − 2 என்பது 31ஆல் வகுபடும். ஆகவே 2^(ப−1) ≡ 1 என்பது ப பகா எண்ணாக இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். சிறிய சான்று வேண்டுமா? 2^11 − 1 = 2047 = 23 × 89. இது பகு எண். ஆனால் 2^1023 = (2^11)^93 ≡ 1, எனவே இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையிலும் அடி 2க்குத் தப்பிவிடுகிறது. மெர்சென் எண்களுக்கு (அடுக்கு பகா எண்ணாக உள்ள 2^அடுக்கு − 1) அடி 2 எப்போதுமே வீண் வேலை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 (4,10,24,320 இலக்கங்கள்) கூட முதலில் அடி 3 வைத்த சோதனையில்தான் சிக்கியது, பிறகுதான் மெர்சென் எண்களுக்கே உரிய லூகாஸ்–லெமர் சோதனையால் உறுதியானது.

இப்போது வகுத்துப் பார்க்கும் வழி. 46341² = 2147488281, இது ப-வைவிடப் பெரியது. எனவே 46340 வரை பார்த்தால் போதும் என்ற உங்கள் கணக்கு சரி. ஆனால் 3 முதல் உள்ள 23,169 ஒற்றைப்படை எண்களையும் தொட வேண்டியதில்லை.

எ என்ற பகா எண் ப-வை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எ-யின் மாடுலோவில் 2^31 ≡ 1. 31 பகா எண், 2 ≢ 1. எனவே 2இன் வரிசை (முதன்முறையாக 1 தரும் அடுக்கு) சரியாக 31. வரிசை எ − 1ஐ வகுக்க வேண்டும், எ ஒற்றைப்படை. ஆக எ = 62க + 1.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. 2^32 ≡ 2, அதாவது (2^16)² ≡ 2. எனவே எ-யின் மாடுலோவில் 2 ஓர் இருபடி எச்சம், அதாவது ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதி. அப்படியென்றால் எ-யை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும்.

இரண்டையும் சேர்த்தால் எ-யை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. மற்ற எல்லாம் தள்ளுபடி. 46340க்குள் 248க + 1 வடிவில் 186 எண்கள், 248க + 63 வடிவில் 63ஐ விட்டுவிட்டால் 186 எண்கள். மொத்தம் 372. ஆய்லர் 1772இல் இந்த எண்ணைப் பகா எண் என்று நிறுவியது இந்த வழியில்தான். அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும். 249 = 3 × 83, 497 = 7 × 71, 559 = 13 × 43 என்று பெரும்பாலானவை உடனே உதிர்ந்துவிடும். மிஞ்சுபவை 311, 1303, 1489, 2543 என்று போகும். முழுப் பட்டியலும் நூறுக்குள் அடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒவ்வொன்றுக்கும் நீள வகுத்தல் வேண்டாம், 2ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள். 311க்கு:

2^8 = 256 ≡ −55
2^16 ≡ 3025 ≡ −85
2^24 ≡ (−55)(−85) = 4675 ≡ 10
2^31 ≡ 10 × 128 = 1280 ≡ 36

1 வரவில்லை, எனவே 311 வகுத்தி அல்ல. ப-வை 311ஆல் வகுத்தால் மீதி 36 − 1 = 35. மீதி பெரிதாகும்போது எதிர்மக் குறியோடு வைத்துக்கொண்டால் பெருக்கல் சிறிதாக இருக்கும். அதே சமயம் கையால் செய்பவர்கள் அதிகம் தவறுவதும் அந்தக் குறியில்தான்.

இந்தச் சல்லடை ஏமாற்றாது என்பதற்கு மற்ற அடுக்குகளைப் பாருங்கள். 2^23 − 1ஐ 47 வகுக்கும் (2 × 23 + 1). 2^29 − 1ஐ 233 வகுக்கும் (8 × 29 + 1). 2^37 − 1ஐ 223 வகுக்கும் (6 × 37 + 1). மூன்றும் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்துகின்றன, மூன்றும் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. 31க்கு மட்டும் பட்டியல் முழுக்கக் காலி.

---

ஏழின்_அடுக்கு:

மேலே சொன்னது சரி. ஆனால் நூறு வகுத்தல் போட்டதை இன்னொருவர் நம்ப வேண்டுமானால் அவரும் நூறு வகுத்தல் போட வேண்டும். ப − 1ஐ முழுமையாகக் காரணிப்படுத்த முடிவதால் இந்த எண்ணுக்குச் சின்னதாக ஒரு சான்றிதழ் இருக்கிறது.

ப − 1 = 2(2^30 − 1) = 2 × (2^15 − 1) × (2^15 + 1)
32767 = 7 × 31 × 151
32769 = 3² × 11 × 331

ஆக ப − 1 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இது காகிதத்திலேயே இரண்டு நிமிடம்.

இப்போது 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 7^(ப−1) ≡ 1 வர வேண்டும். ஆனால் ப − 1ஐ மேலுள்ள ஏழு பகாக் காரணிகளில் எதனால் வகுத்து அடுக்காகப் போட்டாலும் 1 வரக்கூடாது. அந்த அடுக்குகள்: 1073741823, 715827882, 306783378, 195225786, 69273666, 14221746, 6487866. ஏழும் 1 அல்லாததைத் தந்தால் 7இன் வரிசை சரியாக ப − 1. மாடுலோ ப-வில் நேர்மாறு உள்ள எண்கள் ப − 1 இருக்கின்றன என்று ஆகிறது. பகு எண்ணுக்கு அத்தனை இருக்காது. கதை முடிந்தது. முதல் அடுக்குக்குக் கணினியே வேண்டாம்: 7, ப இரண்டும் 4ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை, ப-வை 7ஆல் வகுத்தால் மீதி 1, எனவே இருபடி நேர்மாற்று விதிப்படி 7 இருபடி எச்சம் அல்ல. விடை −1தான்.

ஜாவாவில் இந்த ஏழு அடுக்குகளுக்கும் லாங் போதும், இரண்டு எச்சங்களின் பெருக்கல் 62 பிட்டைத் தாண்டாது.

இப்படி எல்லா எச்சங்களையும் அடுக்குகளாலேயே தரும் எண்ணை ப்ரிமிட்டிவ் ரூட் என்பார்கள். ப-வுக்கு மிகச் சிறியது 7. மொத்தம் 53,46,00,000 இருக்கின்றன, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒன்று. சமவாய்ப்பு எண் உருவாக்கிகளில் வரும் 16807 என்பது 7^5. 5 ப − 1ஐ வகுக்காததால் 7^5ம் ப்ரிமிட்டிவ் ரூட்தான், சுழற்சி முழு 2147483646 படிகள் ஓடும். சி++இல் மின்எஸ்டிடி_ராண்ட்0 என்ற பெயரில் இருப்பது இதுவே. நீங்களே எழுதினால் விதை 1இலிருந்து 10,000ஆவது மதிப்பு 1043618065 வர வேண்டும். 48271ஐப் பெருக்கியாக வைத்தால் 399268537.

32 பிட்டுக்குள்ளேயே பெருக்க வேண்டிய சின்னச் சில்லுகளில் ப = 16807 × 127773 + 2836 என்று பிரித்து, எண்ணை 127773ஆல் வகுத்து, மீதியை 16807ஆலும் ஈவை 2836ஆலும் பெருக்கிக் கழிப்பார்கள். எதிர்மமாக வந்தால் ப-வைக் கூட்டிவிடுவார்கள். எந்தக் கட்டத்திலும் ப-வைத் தாண்டாது. விதையாக 0 கொடுத்தால் காலம் முழுக்க 0தான் வரும், ப-வையே கொடுத்தாலும் அதே. இன்னொரு பொறி: விடையை 32 பிட் ஃப்ளோட்டில் ப-வால் வகுத்தால் 1ஐவிடக் குறைவாகத்தான் வரும் என்று நம்பி அணிச் சுட்டு போடுவது. ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம்தான். 2147483646ம் ப-வும் இரண்டுமே 2^31 ஆக முழுமையாக்கப்பட்டு 1.0 வந்து நிற்கும். டபுள் போடுங்கள்.

---

பிட்_நகர்த்தி:

ஹாஷுக்கு வருவோம். உங்கள் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு.

இடம் மாற்றினாலும் ஹாஷ் மாறாததற்குக் காரணம் அடி 256. சல்லடை சொன்ன அதே 2^31 ≡ 1. 256 = 2^8, எனவே 256^31 = (2^31)^8 ≡ 1. அதாவது 31 இடம் தள்ளி இருக்கும் எழுத்துகளுக்கு ஒரே எடை. முதல் எழுத்தும் 32ஆம் எழுத்தும் மட்டுமல்ல, 5ஆம் எழுத்தும் 36ஆம் எழுத்தும், 36ஆம் எழுத்தும் 67ஆம் எழுத்தும் இடம் மாறினாலும் ஹாஷ் அசையாது. 2இன் எந்த அடுக்கை அடியாக வைத்தாலும் மாடுலோ ப-வில் 31 வேறு வேறு எடைகளுக்கு மேல் கிடைக்காது. 65536ம் இதே கதிதான். ஹாஷ் வேகமாக இருக்கட்டும் என்று 2இன் அடுக்கை அடியாக எடுப்பதும், மாடுலஸாக மெர்சென் எண்ணை எடுப்பதும் தனித்தனியே நல்ல யோசனைகள், சேர்த்தால் நஞ்சு.

அடியை நிரல் தொடங்கும்போது 256க்கு மேல் ப − 2 வரை சமவாய்ப்பாக எடுங்கள். நீளம் ந உள்ள இரண்டு வேறு சரங்களின் ஹாஷ் மோத, அவற்றின் வித்தியாசப் பல்லுறுப்புக் கோவையின் மூலமாக அடி அமைய வேண்டும். மூலங்கள் ந − 1க்கு மேல் இருக்காது. 10,000 எழுத்துச் சரத்துக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஒன்று. மூலங்களின் எண்ணிக்கைக்கு இந்த வரம்பு உத்தரவாதமாக இருப்பது ப பகா எண் என்பதால்தான். பகு எண் மாடுலஸில் ஒரு பல்லுறுப்புக் கோவைக்கு அதன் படியைவிட அதிக மூலங்கள் இருக்கலாம்.

எதிர்ம எண்ணுக்குக் காரணம், எனக்குத் தெரிந்தவரை, இன்ட்டாக மாற்றும் இடம். படிகள் இப்படி இருக்க வேண்டும், எல்லாமே லாங்கில்:

பெருக்கல் = ஹாஷ் × அடி + எழுத்து
மேல் = பெருக்கல் >> 31
கீழ் = பெருக்கல் & ப
கூடுதல் = மேல் + கீழ்
கூடுதல் ≥ ப எனில் கூடுதல் = கூடுதல் − ப

2^31 ≡ 1 என்பதால் மேல் பாதியை அப்படியே கீழ்ப் பாதியோடு கூட்டலாம், இதுதான் மடிப்பு. ஹாஷ், அடி இரண்டும் ப − 1க்குள் இருந்தால் பெருக்கல் 2^62 − 2^33 + 4ஐத் தாண்டாது. 16 பிட் எழுத்தைக் கூட்டினாலும் மேல் பாதி அதிகபட்சம் 2^31 − 4தான். கூடுதல் அதிகபட்சம் 2^32 − 5, இது 2ப-வைவிடக் குறைவு. எனவே ஒரே ஒரு கழித்தல் போதும், இரண்டாம் முறை மடிக்க வேண்டாம். ஆனால் 2^32 − 5 குறியுள்ள 32 பிட்டில் அடங்காது. கழிப்பதற்கு முன்பே இன்ட்டாக மாற்றியிருந்தால் எதிர்மம் வரும். கழித்த பிறகு மாற்றுங்கள்.

‘≥’க்குப் பதில் ‘>’ போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பூச்சியத்துக்கு இந்த முறையில் இரண்டு உருவம் உண்டு, 0ம் ப-வும். கணக்குக்குள் இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒப்பிடும்போது சமம் இல்லை என்று வரும். அபூர்வமாக நடப்பதால் சோதனையில் மாட்டாது. துணைச் சரத்தின் ஹாஷ் எடுக்கக் கழிக்கும்போதும் எதிர்மம் வந்தால் ப-வைக் கூட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். எதிர்ம எண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் குறி பிட்டும் சேர்ந்து வரும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மாடுலஸ் மாறிலியாக இருந்தால் கம்பைலரே %ஐப் பெருக்கலும் நகர்த்தலுமாக மாற்றிவிடும். எனவே 31 பிட்டில் மடிப்பதால் கிடைக்கும் லாபம் பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2^61 − 1 = 2305843009213693951க்குத்தான் மடிப்பு உண்மையில் உதவும். அதன் பெருக்கல் 122 பிட் போகும், அந்த அகலத்தில் % போட்டால் சி-யில் நூலக அழைப்பாகி நொண்டும்.

மாற வேண்டிய காரணமும் இருக்கிறது. ஒரே ஒரு சரத்தைத் தேட ப தாங்கும். ஆனால் ஹாஷ்களை ஒரு கணத்தில் (செட்) போட்டு ‘எத்தனை வேறு வேறு துணைச் சரங்கள்’ என்று எண்ணினால் பிறந்தநாள் கணக்கு வந்துவிடும். ஹாஷ்கள் சமமாகப் பரவினாலும் சுமார் 54,500 சரங்களிலேயே ஏதாவது இரண்டு மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. லட்சம் சரம் என்றால் 2^61 − 1, இல்லையென்றால் இரண்டு அடிகளில் இரண்டு ஹாஷ். இரண்டாவது அடி முதல் அடியின் 2-மடங்கு, வர்க்கம் என்று எதுவும் இல்லாமல் தனியாக எடுத்ததாக இருக்கட்டும்.

---

மீதி_எங்கே:

அடியை மாற்றியதும் இடமாற்றக் கோளாறு போய்விட்டது. இன்ட் மாற்றம் கழித்தலுக்கு முன்னால்தான் இருந்தது. நன்றி.

1303க்கு 2^10 ≡ −279, 2^20 ≡ −339, 2^30 ≡ 765, 2^31 ≡ 227 என்று போட்டேன். சரியா? என்டிடி மட்டும் பாக்கி.

---

சல்லடை:

227 சரி. 2^20க்கு −339 என்று குறியோடு எடுத்ததும் நல்லது, 964ஐத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

---

வட்டப்புள்ளி:

நிரல் தவறில்லை. ப − 1 = 2 × ஒற்றைப்படை. மேலே காரணிகளைப் பாருங்கள், 2 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. வரிசை ப − 1ஐ வகுக்க வேண்டும் என்பதால் மாடுலோ ப-வில் வரிசை 4 உள்ள எண்கூட இல்லை, 2^20க்கு எங்கே போவது? −1க்கு வர்க்க மூலமே இல்லை என்பதும் இதேதான்.

வேலை முடிந்தால் சரி என்றால் மாடுலஸை மாற்றுங்கள்: 998244353 = 119 × 2^23 + 1. அதன் ப்ரிமிட்டிவ் ரூட் 3. நீளம் 2^20க்கு வேண்டிய மூலம் 3^952 (119 × 8). இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ப-வையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் பக்கத்து எண்ணைப் பாருங்கள். ப + 1 = 2^31. 2இன் அடுக்குகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. −1க்கு வர்க்க மூலம் இல்லாததால் ஒரு இ-யைச் சேர்த்து இ² = −1 என்று வைக்கலாம், கலப்பெண்களில் செய்வது போலவே. அங்கே க² + ங² = 1 ஆக உள்ள க + ங·இ எண்களை மட்டும் எடுங்கள், இதுதான் ‘அலகு வட்டம்’. மாடுலோ ப-வில் அதில் சரியாக ப + 1 = 2^31 புள்ளிகள், பெருக்கலில் அவை ஒரு சுழற்குலம். 2^20 என்ன, 2^31 வரை எந்த அடுக்கும் கிடைக்கும்.

உருவாக்கும் புள்ளி: க = 2, ங = 1268011823. சரிபார்க்க ங² ≡ −3 வர வேண்டும், 4 − 3 = 1. −3இன் வர்க்க மூலத்தைக் கண்டுபிடிப்பதும் சுலபம். ப-வை 4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் மூலம் என்பது (−3)^((ப+1)/4) = (−3)^(2^29), அதாவது −3ஐ 29 முறை வர்க்கப்படுத்தினால் இரண்டு மூலங்களில் ஒன்று வரும். ஒன்று வந்தால் மற்றது ப-விலிருந்து அதைக் கழித்தது. கடைசியில் ஒரு முறை வர்க்கப்படுத்தி −3 வருகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். மூலமே இல்லாத எண்ணைக் கொடுத்தாலும் இந்தச் சூத்திரம் முகம் சுளிக்காமல் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும்.

இந்தப் புள்ளியின் வரிசை 2^31 என்று எப்படித் தெரியும்? முதல் கேள்விக்கே இதில் மூன்றாவது விடை ஒளிந்திருக்கிறது. வட்டத்தில் ஒரு புள்ளியைத் தன்னோடு பெருக்கினால் (இனி இதை இரட்டிப்பு என்கிறேன்) க என்பது 2க² − 1 ஆகும், கொசைனின் இரட்டைக் கோணச் சூத்திரம்தான். ச = 2க என்று எழுதினால் அது ச² − 2. க = 2இல் தொடங்கினால் ச = 4. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்துக்கொண்டே போவது என்றால் அதுதானே லூகாஸ்–லெமர் சோதனை! மாடுலோ ப-வில்:

4, 14, 194, 37634, 1416317954, 669670838, … , 1181536708, 65536, 0

29 முறை செய்தால் 0. அதற்கு முந்தையது 65536 = 2^16, அதன் வர்க்கம் 2^32 ≡ 2, கழித்தால் 0. ச = 0 என்றால் க = 0. அடுத்த இரட்டிப்பில் க = −1, அதற்கடுத்து க = 1. ஆக 31 இரட்டிப்புக்கு முன்னால் (1, 0) வரவே இல்லை, வரிசை சரியாக 2^31. ப பகா எண் என்று காட்டும் சோதனையும், என்டிடிக்கு வேண்டிய மூலம் இருக்கிறது என்று காட்டும் சோதனையும் ஒரே கணக்கு.

கால்குலேட்டரில் போடுபவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய படி: 1181536708க்குப் பதில் ப-விலிருந்து கழித்த 965946939ஐ எடுத்துக்கொள்ளுங்கள், வர்க்கம் ஒன்றுதான். வர்க்கம் 933053488963469721. 2^31ஆல் பிரித்தால் மேல் 434486888, கீழ் 1713062297. கூட்டினால் 2147549185, ப-வைக் கழித்தால் 65538, 2ஐக் கழித்தால் 65536. எங்காவது ஒரு படியில் பிசகினால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் குப்பை, கடைசியில் 0 வராது. பிசகு எங்கே என்று அந்தக் குப்பை காட்டிக்கொடுக்கவும் செய்யாது. எனவே ஐந்து படிக்கு ஒரு முறை மதிப்பைக் குறித்துவைத்து இரண்டாம் முறை போட்டுப் பாருங்கள்.

நீளம் 2^20 வேண்டுமானால் (2, 1268011823)ஐ 11 முறை இரட்டியுங்கள், வரிசை 2^31இலிருந்து 2^20 ஆகிவிடும். பிறகு சாதாரண எஃப்எஃப்டி நிரலை எடுத்து, மிதவைப் புள்ளிக் கலப்பெண்களுக்குப் பதில் இந்த இணைகளைப் போட்டால் வேலை செய்யும். ஒரு பெருக்கலுக்கு ப-வில் நான்கு பெருக்கல், கூட்டலை அதிகப்படுத்தினால் மூன்று. தரவு எல்லாம் இ இல்லாத எண்களாக இருந்தால் இரண்டு தரவுப் பட்டியல்களை ஒரே உருமாற்றத்தில் திணிக்கலாம், செலவு பாதி திரும்பக் கிடைத்துவிடும். ஒரு கணிப்பு சரியாக நடந்தது என்று சுருக்கமாக நிறுவும், 2024இல் வெளியான சர்க்கிள் ஸ்டார்க் சான்றுமுறை இந்த வட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பிளாங்கி3 போன்ற நூலகங்களில் ‘எம்31’ என்று இருப்பது இதே ப. 32 பிட் செயலிகளில் மடிப்பு மலிவு என்பதற்காகவே இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து, 2இன் அடுக்குகள் இல்லாத குறையை வட்டத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்டிடி தருவது மாடுலோ ப விடை. உண்மையான முழு எண் விடை வேண்டுமானால் விடையின் ஒவ்வொரு கெழுவும் ப-வுக்குள் அடங்க வேண்டும். பெருக்கும் ஒவ்வொரு தரவுப் பட்டியலிலும் 2^20 உறுப்புகள் என்றால் ஒவ்வோர் உறுப்பும் 45க்குள் இருந்தால்தான் உத்தரவாதம்: 2^20 × 45² = 2123366400, ப-வுக்குக் கீழே. 46 போட்டால் தாண்டிவிடும். அதற்கு மேல் போனால் இரண்டு மூன்று பகா எண்களில் தனித்தனியே போட்டுச் சீன மீதித் தேற்றத்தால் சேர்க்க வேண்டும்.

---

மீதி_எங்கே:

11 முறை இரட்டித்த புள்ளியை மேலும் 19 முறை இரட்டினால் (−1, 0) வர வேண்டும், இல்லையா?

---

வட்டப்புள்ளி:

ஆம். 18ஆவது இரட்டிப்பில் க = 0 வரும், 19இல் −1, 20இல் (1, 0). 18இல் 0 வராமல் 19இல் −1 வந்தால் பெருக்கலில் பிழை இருக்கிறது. பெரும்பாலும் இ² = −1இன் கழித்தலில் ப-வைக் கூட்ட மறந்திருப்பீர்கள்.